அப்லேஷன் முடிந்த பிறகும் மாத்திரை ஏன்?

பேராக்கில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் போய், தாறுமாறான துடிப்பை அடக்க இதயத்துக்குள் குழாய் விட்டு வடு போடும் அப்லேஷன் என்ற சிகிச்சையைச் செய்துகொண்டு திரும்புகிறவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இனிமே மருந்து சாப்பிட வேணாம்தானே?" என்பதுதான். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு வீட்டிலேயே "ஆமாம்" என்று பதில் சொல்லிக்கொண்டு மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரால் இன்று வலது கையில் கரண்டி பிடிக்க முடியவில்லை. இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

அப்லேஷன் செய்யப்படும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்பு நோய், சுருக்கமாக ஏ.எஃப்., இரண்டு தொல்லைகளைச் சேர்த்துக் கொண்டுவருகிறது. ஒன்று, துடிப்பு தாறுமாறாவது. மற்றது, இதயத்துக்குள் இரத்தம் கட்டுவது. அப்லேஷன் முதல் தொல்லையைக் குறைக்கச் செய்வது. இரண்டாவதைத் தடுப்பது இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. படபடப்பு போய்விட்டால் முதல் தொல்லை அடங்கியிருக்கலாம். இரண்டாவதைப் பற்றி உடம்பு நமக்கு எதுவும் சொல்லாது. பக்கவாதம் வரும் வரைக்கும் சொல்லாது.

இதயத்தில் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் கணு என்ற சின்னத் திசுதான் ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கிவைக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. ஏ.எஃப். வந்துவிட்டால் மேலறைகளில் நிமிடத்துக்கு 300 முதல் 600 மின்தூண்டல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. மேலறைகளால் சுருங்கி விரிய முடிவதில்லை, நடுங்குகின்றன. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே இருக்கும் ஏ.வி. கணு அந்தத் தூண்டல்களில் ஒரு பகுதியைத்தான் கீழே விடுகிறது. அதனால் ஆள் எழுந்து நடமாட முடிகிறது. ஆனால் கீழே வந்து சேர்பவற்றில் எந்த ஒழுங்கும் இருக்காது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும்.

இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சின்னப் பை உண்டு. அறை சரியாகச் சுருங்காதபோது இரத்தம் அந்தப் பையில் தேங்கும். பால்மரத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேரத்துக்கு எடுக்காமல் மங்கிலேயே விட்ட பால் தானாகக் கட்டிப்பால் ஆகிவிடும். வால்வுக் கோளாறு இல்லாத ஏ.எஃப். நோயாளிகளின் இடது மேலறையில் உண்டாகும் இரத்தக்கட்டிகளில் பத்துக்கு ஒன்பது இந்தப் பையில்தான் உருவாகின்றன. அதிலிருந்து ஒரு துண்டு கழன்று மூளைக்கு ஏறினால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு, ஏ.எஃப். இருந்தால் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது என்று 1991இல் சொன்னது. அதற்குப் பிறகு எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. அந்த எச்சரிக்கை மட்டும் மாறவில்லை.

தோட்டம் போய் தாமான் வந்த பிறகு

எங்கள் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. லயத்து வீடுகளில் பிறந்தவர்கள் இப்போது தாமான் என்னும் புதுக் குடியிருப்பு வீடுகளில் இருக்கிறார்கள். 1960இல் மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைக் காப்பாற்றச் சம்பளத்திலிருந்து கட்டிப் பங்கு வாங்கிய தலைமுறை ஒன்று இருந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கே இன்று அறுபது, எழுபது வயது ஆகிவிட்டது. ஏ.எஃப். பெரும்பாலும் வயதோடு வரும் நோய். பேரப்பிள்ளைகள் ஈப்போவிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் இருக்க, நோயோடு வீட்டில் இருப்பது இந்தப் பெரியவர்கள்தான்.

தோட்டத்துக்கு ஓர் ஆஸ்பத்திரியும் அதில் டிரஸ்சர் என்ற ஒரு மருத்துவ உதவியாளரும் இருந்த காலத்தில் எல்லா வைத்தியமும் நன்றாக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். பெரிய நோய்க்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஆனால் டிரஸ்சர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். இப்போது கிளினிக் கெசிஹாத்தான் என்னும் அரசு சுகாதாரக் கிளினிக்கில் இயந்திரம் பிரஷர் பார்த்து எண்களைக் காட்டுகிறது. நாமும் மேல் எண், கீழ் எண் இரண்டையும் கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். வீட்டில் வைத்திருக்கும் பிரஷர் இயந்திரங்கள் பலவற்றில், துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் திரையில் ஒரு சின்ன இதயக் குறி மின்னும். அதை யாரும் பார்ப்பதே இல்லை. தயவுசெய்து பாருங்கள். அடிக்கடி வந்தால் கிளினிக்கில் சொல்லி ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.

மலேசியாவில் 2023இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு இரத்த அழுத்தம், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனிப்பு நீர் இந்தியர்களிடம் மற்ற இனத்தாரைவிட அதிகம். ஏ.எஃப். நோயாளிக்குப் பக்கவாத ஆபத்து எவ்வளவு என்று கணக்கிட மருத்துவர்கள் பயன்படுத்தும் புள்ளி முறையில் இந்த இரண்டுக்கும் இடம் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு ஒரு புள்ளி, நீரிழிவுக்கு ஒன்று, இதயம் பலவீனமாக இருந்தால் ஒன்று, இரத்தக்குழாய் நோய்க்கு ஒன்று, வயது 65 முதல் 74 வரை ஒன்று, 75 தாண்டினால் இரண்டு, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. பெண்களுக்குக் கூடுதலாக ஒரு புள்ளி போடும் வழக்கம் இருந்தது. 2024இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி அதை எடுத்துவிட்டது. இரண்டு புள்ளி வந்தாலே இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும் என்பது அந்த வழிகாட்டியின் பரிந்துரை. அறுபத்தெட்டு வயது, பிரஷர், இனிப்பு நீர் என்று நம் ஊர்ச் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.எஃப். வந்தால் அவருக்கு மூன்று புள்ளி.

எல்லாருக்கும் படபடப்பு வரும் என்றும் இல்லை. சிலருக்கு அசதி மட்டும். சிலருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. நம் வீடுகளில் இதற்கெல்லாம் "காத்து", "வயசாச்சு" என்று பெயர் வைத்து, நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். விட்டுவிட்டு வரும் ஏ.எஃப். ஈ.சி.ஜி. எடுக்கும் அந்தச் சில விநாடியில் அகப்படாமல் போகலாம். அதனால்தான் ஒரு நாளோ அதற்கு மேலோ உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவி தேவைப்படுகிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ஏ.எஃப். வரும் என்பதால் அதற்கும் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

பலருக்கு மருந்தோடுதான் சிகிச்சை தொடங்குகிறது. பிசோப்ரோலால் போன்றவை வேகத்தைக் குறைக்கும். அமியோடரோன் துடிப்பை ஒழுங்கில் நிறுத்த முயலும். அமியோடரோன் சாப்பிடுகிறவரின் தோல் வெயிலைத் தாங்காது. செம்பனைக் காட்டில் இன்னமும் ஒப்பந்தத்துக்கு வேலை செய்கிறவர் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த மருந்து தைராய்டையும் நுரையீரலையும் கெடுக்கக்கூடும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் வேகத்தையும் கூட்டும். அதனால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

அப்லேஷனில் என்ன செய்கிறார்கள்

பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஐசாகேரும் அவருடைய குழுவினரும் 45 நோயாளிகளைப் பரிசோதித்து 1998இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஏ.எஃப்.பைக் கிளப்பிவிடும் தூண்டல்களில் மிகப் பெரும்பாலானவை, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு இரத்தம் கொண்டுவரும் நாளங்களுக்குள்ளிருந்து வருகின்றன என்பது அந்த முடிவு. இன்றைய அப்லேஷன் அதன்மேல்தான் நிற்கிறது. அந்த நாளங்களின் வாயைச் சுற்றி வடு உண்டாக்கி, உள்ளே கிளம்பும் தூண்டல் மேலறைக்கு வராமல் தடுத்துவிடுகிறார்கள். வடுவைச் சூட்டால் போடலாம், உறைய வைத்துப் போடலாம். அண்மைய ஆண்டுகளில் பரவியிருக்கும் முறையில், சூடும் குளிரும் இல்லாமல், மிகக் குறுகிய மின்புலத் துடிப்புகளால் இதயத் தசையின் செல்களை மட்டும் செயலிழக்கச் செய்கிறார்கள்.

நெஞ்சைத் திறப்பதில்லை. தொடை இடுக்கில் இருக்கும் நாளத்தின் வழியாக மெல்லிய குழாய்கள் ஏறி, வலது மேலறைக்குப் போய், நடுச்சுவரில் ஒரு சிறு துளையிட்டு இடது பக்கம் செல்கின்றன. அதற்கு முன், இரத்தம் தேங்கும் அந்தப் பையில் இரத்தக்கட்டி இருக்கிறதா என்று, உணவுக்குழாய் வழியாகக் கருவி விட்டோ வேறு ஸ்கேன் எடுத்தோ பார்ப்பார்கள். கட்டி இருந்தால் அன்றைக்குச் செய்யமாட்டார்கள். பல மாதம் காத்திருந்து கிடைத்த தேதி தள்ளிப்போகிறதே என்று மனம் உடையும். ஆனால் அந்தக் கட்டியோடு குழாயை உள்ளே விடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று நினைத்தால் கோபம் வராது.

இந்தச் சிகிச்சைக்கு மின்துடிப்பியல் படித்த இதய நிபுணர் வேண்டும். ஐ.ஜே.என். என்று எல்லாரும் சொல்லும் தேசிய இருதய மருத்துவமனை 1992இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது. எங்கள் வட்டாரத்துக்காரர் பலர் அங்கேதான் போகிறார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பக்கம்தான். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் இன்னும் இருநூறு கிலோமீட்டர். சிகிச்சைக்குப் பிறகு எது நடந்தாலும் செய்தவர்கள் தொலைவில் இருக்கிறார்கள், நாம் இங்கே இருக்கிறோம். அதனால் கிளம்பும் முன்பே மூன்றைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்: டிஸ்சார்ஜ் கடிதம், மருந்துப் பட்டியல், அவசரத்துக்கு அழைக்கும் தொலைபேசி எண். இந்த மூன்றையும் ஒரே உறையில் போட்டு, பிள்ளைகளுக்கும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விட்டுவிட்டு வரும் ஏ.எஃப். உள்ளவர்களில் நான்கில் மூன்று பேர் போல ஓராண்டு கடந்தும் நல்ல ஒழுங்கில் இருக்கிறார்கள். விடாமல் நீடிக்கும் ஏ.எஃப்.புக்கு இது குறையும். சிலருக்கு இரண்டாவது முறையும் செய்ய வேண்டியிருக்கிறது. இதயம் பலவீனமானவர்களுக்கு அப்லேஷன் ஆயுளையே கூட்டலாம் என்று 2018இல் வெளிவந்த காஸில் ஏ.எஃப். ஆய்வு காட்டியது. மற்றவர்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம், அன்றாட வாழ்க்கை திரும்பக் கிடைப்பது. நானும் செய்துகொண்டவன் என்பதால் சொல்கிறேன், அது சின்ன லாபம் இல்லை. சந்தைக்கு நடந்து போய், நடுவில் எங்கும் நிற்காமல் திரும்பி வர முடிகிறது.

வீடு திரும்பிய பிறகு

முதல் வாரத்தில் பார்க்க வேண்டியது தொடை இடுக்கு. நீலம் பாரித்து, மெல்ல மஞ்சளாகி, தொடைவரை இறங்கும். அது சாதாரணம். வீங்கிக்கொண்டே போனாலோ, துடிக்கும் கட்டி போல ஆனாலோ, கால் சில்லிட்டுப்போனாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தம் வழிந்தால் படுத்துக்கொண்டு, துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நிற்கவில்லை என்றால் 999. நீலம் பாரித்த இடத்தில் எண்ணெய் போட்டு உருவிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்தக் காயத்தில் அதைச் செய்யவே கூடாது.

பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் நம் ஆட்களுக்கு அது அரிசி மூட்டை. ஐந்து கிலோவே அதிகம் என்று அவர் நினைத்துச் சொல்லியிருப்பார். தண்ணீர் வாளி, கேஸ் தோம்பு, பேரப்பிள்ளை எல்லாம் அதற்குள் அடக்கம். குந்தி உட்காரும் கழிப்பறை இருக்கும் வீட்டில் முதல் சில நாளுக்கு நாற்காலி வகை ஏற்பாடு செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள். முக்கிக் குந்துவது துளையிட்ட இடத்தை இழுக்கும். மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் செய்வதும் அப்படித்தான். செம்பனைக் குலை வெட்டுகிறவர் ஒரு வாரத்தில் காட்டுக்குத் திரும்ப நினைக்கக் கூடாது. ஒரு குலையே இருபது கிலோவுக்கு மேல் வரும். எப்போது போகலாம் என்று நிபுணரிடமே கேட்டு, விடுப்புக் கடிதத்தை அதற்கேற்ப வாங்கிக்கொள்வது நல்லது. ஒப்பந்த வேலைக்காரருக்கு விடுப்பு என்றால் சம்பளம் போச்சு, தெரிகிறது. இடுக்கில் இரத்தம் கட்டி மறுபடி மருத்துவமனையில் படுத்தால் இன்னும் பல நாள் போகும்.

மூச்சை இழுத்தால் நெஞ்சில் சுருக்கென்று குத்துவது முதல் சில நாளில் பலருக்கு வரும். இதயத்தைச் சுற்றிய உறை எரிச்சலடைவதால் வருவது. ஓய்வாக இருக்கும்போதும் துடிப்பு முன்பைவிடக் கொஞ்சம் வேகமாக இருக்கும். இதயத்தை நிதானப்படுத்தும் சில நரம்பு முடிச்சுகளும் அப்லேஷனில் பாதிக்கப்படுவதால் அப்படி ஆகிறது. இரண்டும் பெரும்பாலும் தானாக அடங்கும். வலி கூடிக்கொண்டே போனாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

அப்புறம், படபடப்பு திரும்பவும் வரும். பலரையும் கலங்கடிப்பது இதுதான். வடு ஆறும் வரை இதயம் எரிச்சலோடு இருக்கிறது. அந்தக் காலத்தில் வரும் ஏ.எஃப்.பை வைத்துச் சிகிச்சை தோற்றது என்று முடிவு கட்டக் கூடாது. அந்தக் காலத்தை மூன்று மாதம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். 2024இல் வெளிவந்த சர்வதேச நிபுணர் அறிக்கை அதை எட்டு வாரமாகக் குறைத்தது. எனக்கும் ஒரு ராத்திரி நெஞ்சு அடித்துக்கொண்டபோது, எல்லாம் வீணாய்ப் போச்சு என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். இதை முன்பே யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன். ஆகவே இங்கே அழுத்திச் சொல்கிறேன்: முதல் எட்டு, பன்னிரண்டு வாரத்தில் வரும் படபடப்பை நேரத்தோடு எழுதி வையுங்கள், முடிந்தால் ஈ.சி.ஜி. எடுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள்.

காய்ச்சல் வந்தால்

நம் நாட்டுக்காரர் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

இடது மேலறையின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் போகிறது. மிக அரிதாக, சூடு அதுவரை எட்டி, சில வாரத்துக்குப் பிறகு இரண்டுக்கும் நடுவில் ஓட்டை விழும். ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட அப்லேஷன்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2023இல் வந்தது. அதில் 138 பேருக்கு இப்படி ஆகியிருந்தது. அரிதுதான். ஆனால் அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அறுவைச் சிகிச்சை கிடைத்தவர்களில், கிடைக்காதவர்களைவிடப் பிழைத்தவர்கள் அதிகம். ஆகவே நேரத்தோடு கண்டுபிடிப்பதுதான் உயிர்.

இதன் அறிகுறிகள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, இரத்த வாந்தி, திடீரென்று கை கால் விழுவது. பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் வரும். எங்கள் ஊரில் காய்ச்சல் என்றால் எல்லார் மனமும் முதலில் டெங்கிக்குத்தான் போகும். அதுவும் இல்லை என்றால் பனடோல் போட்டுக்கொண்டு படுத்துக்கொள்வார்கள். அப்லேஷன் செய்து இரண்டு மாதம் ஆகாதவருக்குக் காய்ச்சல் வந்தால், எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முதல் வார்த்தையாக அப்லேஷனைச் சொல்ல வேண்டும். செய்த மருத்துவமனைக்கும் போன் போட வேண்டும். விழுங்க வலிக்கிறது என்றதும் வாய் வழியாகக் குழாய் விட்டு ஸ்கோப் செய்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் மறுபடியும் அப்லேஷனை நினைவுபடுத்துங்கள். ஓட்டை இருக்கும் நிலையில் ஸ்கோப் வழியாகக் காற்றை ஊதினால் அது மூளைக்கே போகக்கூடும். சி.டி. ஸ்கேன்தான் வழி. மின்புலத் துடிப்பு முறையில் இந்த ஆபத்து மிகக் குறைவு. அந்த முறையில் சிகிச்சை பெற்ற 17,000க்கும் அதிகமானவர்களைப் பார்த்த தொகுப்பில் ஒருவருக்குக்கூட உணவுக்குழாயில் ஓட்டை விழவில்லை. உங்களுக்குச் செய்தது எந்த முறை என்று கேட்டு, அதையும் உறைமேல் எழுதி வையுங்கள்.

வந்தது உண்மையிலேயே டெங்கி என்றால் சிக்கல் வேறு. டெங்கியில், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறையும், நாம் சாப்பிடுவதோ இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. அதைத் தொடர்வதா, சில நாள் நிறுத்துவதா என்பதை மருத்துவமனைதான் சொல்ல வேண்டும். மாத்திரைப் பெட்டியையே கையோடு கொண்டுபோங்கள்.

மாத்திரையோடு வாழ்வது

அரசு கிளினிக்குகளில் வார்ஃபரின் இன்னும் நிறையப் பேருக்குக் கொடுக்கிறார்கள். விலை குறைவு. வாதக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் அதுதான் மருந்து, புதிய மாத்திரைகள் ஆகாது. வார்ஃபரின் சாப்பிடுகிறவரின் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் பெரும்பாலும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீரையைத் தொடவே கூடாது என்று யாரோ கிளப்பிவிட்டு, முருங்கைக்கீரையையும் காங்கோங்கையும் அடியோடு விட்டவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லை. கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். வாரம் இரண்டு தடவை சாப்பிடுகிறவர் எப்போதும் இரண்டு தடவையே சாப்பிட்டால் அதற்கேற்ப அளவு வைத்துவிடுவார்கள். ஒரு வாரம் மூன்று வேளையும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றால்தான் எண் ஆட்டம் போடும்.

அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகாட்ரான் போன்ற புதியவற்றுக்கு ஐ.என்.ஆர். வேண்டாம், கீரைக் கணக்கும் வேண்டாம். ஆனால் இவை உடம்பில் அதிக நேரம் தங்குவதில்லை. ஓரிரு வேளை விட்டாலே பாதுகாப்பு கரைந்துவிடுகிறது. ரிவரோக்சபானை வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது எடுத்தால்தான் முழுதாக உள்ளே சேரும். விரதம் இருக்கிறவர் அதைச் சாப்பிடும் வேளைக்கு மாற்றிக்கொள்ள மருத்துவரிடம் கேட்கலாம். மருந்து தீர்ந்துபோய், வாங்கிவரப் பிள்ளை அடுத்த சனிக்கிழமைதான் வருவான் என்று சும்மா இருப்பதுதான் எங்கள் ஊரில் நடக்கும் பெரிய தப்பு. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தைத் தபாலில் அனுப்பும் சேவை இருக்கிறது, உபாட் மெலாலுய் போஸ் என்பார்கள். பார்மசி முகப்பில் கேட்டுப் பாருங்கள்.

மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையும், எந்த வலிக்கும் தனியார் கிளினிக்கில் கேட்டுப் போட்டுக்கொள்ளும் ஊசியும் இந்த மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். அதற்கு மேல் தேவை என்றால் மருந்துப் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். "அதுக்குப் பதிலா ஆஸ்பிரின் சாப்பிடறேன்" என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. ஏ.எஃப்.பால் வரும் பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் ஈடாகாது. இரத்தக்கசிவு ஆபத்தோ அதிலும் இருக்கிறது.

தைப்பூசம் நெருங்கும்போது ஒரு கேள்வி வரும். அலகு குத்த நேர்ந்துகொண்டவர், சில நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குத்திக்கொள்ளலாமா? தானாக நிறுத்துவதைவிட ஆபத்தானது வேறில்லை. நிறுத்தாமல் குத்துவதும் சரியில்லை. மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள், அவர் எந்த இனத்தவராக இருந்தாலும். பால்குடம் எடுத்து வேண்டுதலை நிறைவேற்றிய பெரியவர்களை எனக்குத் தெரியும். முருகன் அவர்களைக் குறைத்துப் பார்த்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

அப்லேஷனின் பலன் நிலைப்பதில் நம் கையில் இருப்பதும் நிறைய. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஆய்வில், உடல் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைத்து அதைத் தக்கவைத்தவர்கள் ஏ.எஃப். இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. அதே நாட்டில் வழக்கமாகக் குடிக்கும் 140 பேரை வைத்து நடந்த சோதனையில், குடியை விடச் சொல்லப்பட்டவர்களில் 53 விழுக்காட்டினருக்கு ஏ.எஃப். திரும்பியது, வழக்கம்போல் குடித்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கு. கள்ளுக்கடையும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் தோட்டத்துக் குடும்பங்களை என்ன செய்தன என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதயத்தின் துடிப்பையும் சேர்த்துத்தான் கெடுத்தன. குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சுத் திணறுகிறவர் அதையும் பரிசோதிக்க வேண்டும். காப்பியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 2025இல் வந்த ஒரு சோதனையில், தினமும் காப்பி குடித்தவர்களுக்கு ஏ.எஃப். திரும்புவது விட்டவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. நம் காப்பியில் கவலைப்பட வேண்டியது டின் பால்தான்.

எப்போது நிறுத்தலாம்

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். அப்லேஷனுக்குப் பிறகு குறைந்தது இரண்டு மாதம் எல்லாருக்கும் மாத்திரை உண்டு. அமெரிக்க வழிகாட்டி மூன்று மாதம் என்கிறது. புதிதாகப் போட்ட வடுவின்மேல் இரத்தம் கட்டும் ஆபத்து அப்போது கூடுதல். அதற்குப் பிறகு முடிவு செய்ய வேண்டியது அந்தப் புள்ளிக் கணக்கைப் பார்த்து. படபடப்பு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஏனென்றால் அப்லேஷனுக்குப் பிறகு வரும் ஏ.எஃப். பல நேரம் தெரியாமலே வருகிறது. தோலுக்கடியில் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வில், சிகிச்சைக்கு முன் உணர்ந்தவர்களே பின்னர் வந்த பல நிகழ்வுகளை உணரவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியல, நல்லாத்தான் இருக்கேன்" என்பது மனநிறைவு தரும் வார்த்தைதான். நாடியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

வாழ்நாள் முழுக்க எல்லாரும் சாப்பிட வேண்டுமா என்ற கேள்வியை மருத்துவ உலகமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 2025இல் தென்கொரியாவில் 840 பேரை வைத்து நடந்த ஒரு சோதனை வெளிவந்தது. அப்லேஷன் முடிந்து குறைந்தது ஓராண்டு ஏ.எஃப். திரும்பவில்லை என்று பரிசோதனையில் உறுதியானவர்கள் அவர்கள். மாத்திரையை நிறுத்தியவர்களுக்குப் பக்கவாதம், பெரிய இரத்தக்கசிவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தொடர்ந்தவர்களைவிடக் குறைவாகவே நேர்ந்தது. நல்ல செய்தி. ஆனால் அவர்கள் ஓராண்டு காத்திருந்தவர்கள், ஹோல்டர் வைத்துப் பார்க்கப்பட்டவர்கள், நிறுத்திய பிறகும் மருத்துவரின் கண்காணிப்பில் இருந்தவர்கள். இதைப் படித்துவிட்டு மூன்றாம் மாதத்தில் மாத்திரையைக் குப்பையில் போட்டால் அது வேறு கதை. முன்பே பக்கவாதம் வந்தவர், மைட்ரல் வால்வு சுருங்கியவர், உலோக வால்வு வைத்தவர் ஆகியோர் இந்த ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே ஓராண்டு முடியும்போது நிபுணரைப் பார்க்கப் போகிறவர் கேட்க வேண்டியவை: என் புள்ளி எத்தனை? இந்த ஓராண்டில் ஹோல்டரில் ஏ.எஃப். தெரிந்ததா? இன்னொரு தடவை, இன்னும் நீண்ட நாளுக்கு மாட்டிப் பார்க்கலாமா? நிறுத்தினால் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை ஈ.சி.ஜி. எடுப்பது, அதை சுங்கை சிப்புட்டிலேயே எடுத்து அனுப்பலாமா? பதில்களைக் கூட வரும் பிள்ளையை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தனியாகப் போகிறவர் மருத்துவரையே கார்டில் எழுதித் தரச் சொல்லலாம், அதற்குத் தயங்க வேண்டாம்.